பாவம் பார்த்துக் கோனைக் கழற்றாதீர்கள்

(சங்கத்தின் பொது அறையில் நடந்த செல்லப்பிராணி வளர்ப்போர் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள், நன்றி. பூனை வளர்க்காதவர்களும் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் கடைசியில் ஒரு வேலை வைத்திருக்கிறேன், நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் பி பிளாக் பார்க்கிங்கில் இருக்கும் அந்த மூன்று நிறப் பூனை. உங்களில் பலர் பணம் போட்டு அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தீர்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, கழுத்தில் கோனோடு அது சுவரில் இடித்துக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் வாட்ஸ்அப் குழுவில் கேட்க வேண்டாம். நல்ல மனசோடு செய்த காரியம் அது. காலையில் செக்யூரிட்டி அண்ணன் பார்த்தபோது தையல் பிரிந்து, வயிற்றுக்குள் இருக்க வேண்டிய கொழுப்புச் சவ்வு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி மயக்கம், மறுபடி தையல், மறுபடி செலவு. குடல் வெளியே வந்து அதையும் பூனை கடித்திருந்தால் பிழைத்திருக்காது. இப்போது நன்றாக இருக்கிறது, நேற்றுகூட என் கார் மேலேதான் படுத்திருந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு லிஃப்டில் என்னைப் பார்த்த பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டாக்டர், புண்ணை நக்குவது இயற்கைதானே? அதன் எச்சிலே மருந்து என்பார்களே?"

அந்த நம்பிக்கை வெறும் புரளி அல்ல. எச்சிலில் லைசோசைம் போன்ற சில பொருட்கள் உண்டு, அவை சில கிருமிகளைக் கொல்லும். காட்டில், மருந்தும் தையலும் இல்லாத இடத்தில், மண்ணும் அழுக்கும் ஒட்டிய காயத்தை நக்கிச் சுத்தம் செய்வது ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட மேல். ஆனால் அதே வாயில்தான் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியாவும் குடியிருக்கிறது. பெரும்பாலான பூனைகளின் வாயில் அது உண்டு. பூனை கடித்த கை மறுநாளே வீங்கிச் சிவக்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் அதுதான். டாக்டர் சுத்தம் செய்து மூடிய காயத்துக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மருந்தாகுமா?

அடுத்து நாக்கு. உங்கள் கையைப் பூனை நக்கியிருந்தால் தெரியும், சொரசொரவென்று இருக்கும். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன சின்னச் சின்ன முட்கள், தொண்டைப் பக்கம் வளைந்து, நாக்கு முழுக்க இருக்கின்றன. உதிர்ந்த முடியைச் சிக்கெடுக்க அது அற்புதமான சீப்பு. புண்ணின் மேல் அது தேங்காய்த் துருவி. புதிதாக உருவாகும் தோல் மிக மெல்லியது. பூனை ஒரு முறை நக்கி நிறுத்தாது, ஒரே இடத்தை ஐம்பது முறை நக்கும். காலையில் பட்டாணி அளவு இருந்த புண் ராத்திரி எட்டணா அளவு ஆவது இப்படித்தான்.

தையல் போட்ட இடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் இரண்டு நாள் மயக்கமும் வலியுமாகப் பூனை சும்மா கிடக்கும். மூன்றாம் நாளிலிருந்து காயம் ஆற ஆரம்பிக்கும், மழித்த முடி முளைக்கும், இரண்டும் சேர்ந்து அரிக்கும். நாமோ "தேறிவிட்டது, ஓடியாடுகிறது" என்று சந்தோஷப்பட்டு அப்போதுதான் கோனைக் கழற்றுகிறோம். தோல் சேர்ந்து உறுதிப்பட 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை, தூங்கும்போதும் சேர்த்து, கோன் இருக்க வேண்டும். முன்பற்களால் தையல் நூலை ஒவ்வொன்றாக இழுத்தெடுக்கப் பூனைக்குச் சில நிமிடம் போதும். நீங்கள் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடும்.

கோன் கொடுமை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் பாதி நாள் மாட்டோடும் ஆட்டோடும்தான் கழிந்தது. மாடு புண்ணை நக்கினால் கழுத்தைச் சுற்றி நீளவாக்கில் மூங்கில் குச்சிகளைக் கயிற்றில் கோத்துக் கட்டுவோம், தலையைத் திருப்ப முடியாது. மாட்டுக்காரர் யாரும் அதைக் கொடுமை என்று சொன்னதில்லை, அவருக்கு மாடு பிழைக்க வேண்டும். பூனைக்கான பிளாஸ்டிக் கூம்பு அதைவிட எவ்வளவோ லேசு. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் பெரிய மனிதர்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புப் பட்டையைப் போல இருப்பதால் எலிசபெத் காலர் என்று பேர் வைத்தார்கள், நம் கடைகளில் ஈ-காலர் அல்லது கோன் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு விரற்கடை நீண்டிருக்க வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே உங்கள் விரல் ஒன்று தாராளமாக நுழைய வேண்டும். இறுக்கமானால் மூச்சுக்குக் கஷ்டம். தளர்ந்தால் அதைவிட மோசம், முன்னங்காலை உள்ளே விட்டுக்கொள்ளும், இல்லையென்றால் கீழ்த்தாடை பட்டையில் மாட்டிக்கொள்ளும். மாட்டியவுடன் போய்விடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உடம்பை வளைத்து எப்படியாவது காயத்தை எட்டுகிறதா? எட்டினால் அந்த அளவு போதாது.

முதல் நாள் நாடகம் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பின்னால் பின்னால் நடக்கும், அப்படியே சிலைபோல உட்காரும், கதவு நிலையில் இடிக்கும், உங்களைப் பார்த்து ஊமைபோல வாயைத் திறக்கும். பெரும்பாலான பூனைகள் ஒன்றிரண்டு நாளில் பழகிவிடும். ஒவ்வொரு தடவை நீங்கள் இரங்கிக் கழற்றும்போதும், இன்னும் கொஞ்சம் அழுதால் கழற்றுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டை ஆழமான கிண்ணத்தில் வைக்காதீர்கள், கூம்பு முட்டும். சின்னத் தட்டில், ஒரு செங்கல் உயரத்தில் வையுங்கள். தண்ணீரும் அப்படியே. லிட்டர் பெட்டிக்கு மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆபரேஷன் ஆன பூனைக்கு அந்தச் சில நாட்கள் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுவது நல்லது, தூள் காயத்தில் ஒட்டாது. முகத்தையும் உடம்பையும் அது கழுவிக்கொள்ள முடியாது என்பதால் ஈரத்துணியால் நீங்கள் துடைத்துவிட வேண்டும். கூம்பின் உள்பக்கத்தையும் தினம் துடையுங்கள். பட்டைக்கு அடியில் கழுத்து உராய்ந்து சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் தனி அறை கட்டாயம். கோன் போட்ட பூனையால் எட்ட முடியாத தையலை அந்த இன்னொன்று வந்து அன்பாக நக்கிவிடும்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. கோன் போட்ட பூனைக்குப் பக்கப்பார்வை இல்லை, மீசை முடி கூம்புக்குள் மடங்கிவிடுவதால் இடைவெளியை அளக்கவும் வராது. வழக்கமாக பால்கனிக் கைப்பிடிச் சுவரில் நடந்து பழகிய பூனைதான் இப்போது தவறி விழும். பால்கனியில் புறா வலை இல்லாதவர்கள் அந்த இரண்டு வாரமும் பால்கனிக் கதவைப் பூட்டி வையுங்கள். வெளியே விடும் பழக்கமுள்ள பூனையையும் விடக்கூடாது. பார்க்கிங்கில் நாய் துரத்தினால் கோனோடு அதனால் ஓட முடியாது.

கோனுக்குப் பதில் வேறு ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். வயிற்றுத் தையலுக்குச் சட்டை நன்றாக வேலை செய்யும். ஆபரேஷனுக்குப் பிறகு போடவென்றே தைத்த சட்டை கடையில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பழைய லெக்கின்ஸின் ஒரு காலை வெட்டி நான்கு துளை போட்டால் போதும், பிறந்த குழந்தையின் பனியனும் உதவும். பின்பக்கம் மலம், சிறுநீருக்குத் திறந்திருக்க வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரத்துணிக்கு அடியில் தையல் ஊறிப் போகும். அதனால் இரண்டு சட்டை வேண்டும். சில பூனைகள் துணி மேலேயே நக்கி, கடித்து ஓட்டை போடும். அப்படிப்பட்டதற்கு மறுபடி கோன்தான்.

காற்றடைத்த டோனட் வளையம் பார்க்க அழகாக இருக்கும், தூங்கவும் வசதி. ஆனால் பூனையின் உடம்பு ரப்பர் மாதிரி. வாலிலோ பின்காலிலோ பாதத்திலோ புண் என்றால் வளையத்தைத் தாண்டி எட்டிவிடும். கசப்பு ஸ்பிரேயை நான் சிபாரிசு செய்வதில்லை. திறந்த புண்ணில் எரியும், வாயில் நுரை தள்ளும், பிறகும் நக்கும்.

வீட்டிலேயே கட்டுப் போடுவதும் ஆபத்து. பாதத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தால் ரத்த ஓட்டம் நின்று அந்தப் பாதமே போகலாம். கட்டு அவிழாமலிருக்க ரப்பர் பேண்ட் போடுவதை இத்தோடு மறந்துவிடுங்கள். முடிக்குள் புதைந்து சதையை அறுத்தபிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பூனையின் மேல் பூசுவதெல்லாம் பூனையின் வயிற்றுக்குள் போகும். புண்ணில் எதைத் தடவினாலும், அதை ஊட்டுகிறோம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். டெட்டால் ஊற்றிக் கழுவுகிறோம் என்று சிலர் சொன்னீர்கள். தண்ணீரில் கலந்தால் வெள்ளையாகும் அந்த வகைக் கிருமிநாசினிகளில் இருக்கும் பீனால் வகைப் பொருளை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய்க்குப் போட்டோமே ஒன்றும் ஆகவில்லையே என்றால், பூனை குட்டி நாய் அல்ல. தேயிலை மர எண்ணெய் விஷம். வேப்பெண்ணெயும் வேண்டாம். நமக்குப் போடும் மரத்துப்போகும் களிம்பு, துத்தநாகம் கலந்த குழந்தைக் களிம்பு எதுவும் வேண்டாம். மஞ்சள் விஷமில்லை, ஆனால் முடியோடு சேர்ந்து அப்பிக் காய்ந்து, உள்ளே சீழ் பிடிப்பதை மறைத்துவிடும்.

பிறகு எதனால்தான் கழுவுவது? மருந்துக்கடையில் நார்மல் சலைன் பாட்டில் கேளுங்கள். அவசரத்துக்கு, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு சின்ன டீஸ்பூன் உப்பு. அதை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து மெதுவாகப் பீய்ச்சினால் அழுக்கு போகும். பஞ்சால் தேய்க்க வேண்டாம், இழை ஒட்டும். ஆபரேஷன் தையலை டாக்டர் சொல்லாமல் கழுவவே வேண்டாம், காய்ந்திருப்பதுதான் அதற்கு நல்லது. பூனை முரண்டு பிடித்தால் பெரிய துண்டில் தலையும் காயமும் மட்டும் தெரியச் சுற்றிப் பிடிக்க ஒருவர், பார்க்க ஒருவர்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். "வலியில்தான் நக்குகிறது, வலி குறைந்தால் நக்காது" என்று யோசிக்கிறவர்கள் உண்டு. யோசனை பாதி சரி. ஆனால் கை போவது வீட்டு மருந்து டப்பாவுக்கு. பாராசிட்டமால், அது குரோசினோ டோலோவோ எந்தப் பேரில் வந்தாலும், பூனைக்கு எமன். 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி கொடுத்தாலே உயிர் போகலாம். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். ஈறு காப்பி நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். மாற்று மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தெரியாமல் யாராவது கொடுத்திருந்தால் காத்திருக்காமல் மாத்திரை அட்டையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. பூனைக்கென்று வலி மருந்து இருக்கிறது. எடையைப் பார்த்து டாக்டர் எழுத வேண்டும்.

தினம் இரண்டு வேளை வெளிச்சத்தில் காயத்தைப் பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும், டாக்டரிடம் காட்டவும் உதவும். முதல் ஓரிரு நாள் லேசான சிவப்பும் வீக்கமும் சகஜம். நாளுக்கு நாள் சிவப்பு கூடினால், நாற்றமோ சீழோ வந்தால், விளிம்பு விரிந்தால், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். பூனை வலியில் கத்தாது. ஒளிந்துகொள்ளும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும். முழுதாக ஒரு நாள் சாப்பிடாவிட்டாலே போன் செய்யுங்கள். அதுவும் குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி வியாதியாகிவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு, தனியார் கிளினிக் கட்டுப்படியாகாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கூட்டம் இருக்கும், சீக்கிரம் போய்விடுங்கள்.

ஆபரேஷன் எதுவும் இல்லாமலே பூனை ஓரிடத்தை விடாமல் நக்குகிறதா? முடியை விலக்கிப் பாருங்கள். சண்டையில் இன்னொரு பூனை கடித்த இடத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் இருக்கும். மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கோக்கும், இரண்டு மூன்று நாளில் எலுமிச்சம்பழம்போல வீங்கும். அதைப் பிதுக்காதீர்கள். டாக்டர் திறந்து வடித்து மருந்து கொடுக்க வேண்டும். வெயில் காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்த புண் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. டர்பென்டைன், மண்ணெண்ணெய், ஃபினாயில் ஊற்றும் பழைய கைவைத்தியம் புழுவோடு பூனையையும் முடித்துவிடும். காயமே இல்லை, ஆனால் அடிவயிற்று முடி நக்கி நக்கிப் போய்விட்டது என்றால் தெள்ளுப்பூச்சி, அலர்ஜி, சிறுநீர்ப்பை வலி, வீட்டில் புதிதாக வந்த ஆள் அல்லது பூனை என்று காரணம் பலவாக இருக்கும். அங்கே கோன் நக்குவதை நிறுத்துமே தவிரக் காரணத்தைத் தீர்க்காது.

இதையெல்லாம் செய்யும்போது அது உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும். தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். "நம்ம வீட்டுப் பூனைதானே" என்று விடாதீர்கள்.

இப்போது பூனை வளர்க்காதவர்களுக்கான வேலை. பார்க்கிங்கில் இன்னும் நான்கு பூனைகளுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். இரண்டு பெட்டை, இரண்டு கடுவன். கடுவனுக்குக் காயம் சின்னது, பெரும்பாலும் தையலே இருக்காது, சில நாள் பார்த்துக்கொண்டால் போதும். பெட்டைகளை 10 நாளாவது உள்ளே அடைத்து வைக்க வேண்டும். சென்ற முறை இடம் இல்லாமல் மூன்றாம் நாளே கீழே விட்டதால்தான் அந்தச் சங்கடம். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் ஸ்டோர் ரூமை இரண்டு வாரத்துக்குத் தரச் செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன். பெயின்ட் டப்பாக்களை மட்டும் எடுத்துவிட வேண்டும், அதன் நெடி ஆகாது. மூன்று அளவில் கோன் வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பூனைக்குத் தேவைப்பட்டாலும் எடுத்துப் போகலாம், கழுவிக் காயவைத்துத் திருப்பித் தாருங்கள்.

ஆட்கள்தான் வேண்டும். காலை ஒருவர், ராத்திரி ஒருவர் போய் சாப்பாடு வைத்து, தட்டை மாற்றி, கோன் கழுத்தில் இருக்கிறதா, தையல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பூனையைத் தொட வேண்டிய அவசியமில்லை, பயப்படுகிறவர்களும் பேர் கொடுக்கலாம். காலை முறைக்கு ஆள் சேர்ந்துவிட்டது. இரவு 9 மணி முறைக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும். நோட்டு செயலாளரிடம் இருக்கிறது.